கையெழுத்துக்கு முன் கடைசிச் சுற்று

விலை பேசியாயிற்று. காணிப் பதிவகத்தில் தேடல் முடிந்து, உறுதியின் வரைவு நொத்தாரிசின் மேசையில் இருக்கிறது. கையெழுத்து நாளும் குறித்தாயிற்று. இந்தக் கட்டத்தில் பலருக்கு வீடு மறந்துபோய்ப் பணம் புரட்டுகிற யோசனை மட்டுமே மிஞ்சுகிறது. அந்த நாட்களில் வீட்டையும் வளவையும் இன்னொருமுறை நடந்து பார்ப்பது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. திருக்கேதீஸ்வரத்தையும் அதைச் சுற்றிய மன்னார்ப் பெருநிலக் கரையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தீவுப்பக்கம் வாங்குபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நம் வழக்கத்தில் காணி விற்பனை ஒரே இருப்பில் முடிகிறது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருக்கக் கையெழுத்து விழும். அதே மேசையில் காசோலை கைமாறும். வீடு ஒழுங்காகக் கையளிக்கப்பட்ட பிறகு கொடுப்பதற்காகப் பணத்தை நடுவில் வைத்திருக்கும் மூன்றாம் ஆள் கிடையாது. ஆகவே கையெழுத்து வைத்துவிட்டு வந்து பார்க்கையில் கிணற்று மோட்டர் கழற்றப்பட்டிருந்தால், அல்லது பின் அறையில் ஒரு குடும்பம் பாய் விரித்திருந்தால், உங்கள் கையில் இருப்பது வழக்கு ஒன்றுதான். காணி வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. கேள்வி கேட்கும் பலம் கையெழுத்துக்கு முன்புதான் உங்களிடம் இருக்கிறது.

எப்போது போவது

இரண்டு தடவை போக வேண்டும். முதல் தடவை கையெழுத்துக்கு ஒரு கிழமை முன்பு, குறைகளைக் கண்டுபிடிக்க. திருத்துவதற்கோ விலையைக் குறைப்பதற்கோ அந்த ஒரு கிழமை தேவை. இரண்டாவது தடவை கையெழுத்து நாள் காலையில், விற்பவர் சாமான்களை ஏற்றி வீடு வெறுமையான பிறகு. கட்டிலும் அலுமாரியும் நின்ற இடத்தில்தான் ஈரமும் வெடிப்பும் கறையான் தடமும் ஒளிந்திருக்கும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் வளவைச் சுற்றி முடிக்கலாம். நடு மத்தியானம் வீட்டுக்குள் நிற்கும்போது கூரையின் வெக்கை எவ்வளவென்று தெரியும். அதுவும் வாங்கப்போகிறவர் அறிய வேண்டியதே.

பருவம் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. ஆனி, ஆடியில் வாங்குபவருக்கு நிலம் கல்லாக இறுகித் தெரியும், வெள்ளம் நிற்கும் இடம் தெரியாது. அயலவரைக் கேளுங்கள்: "அண்ணை, டித்வா வந்த நேரம் இந்த வளவுக்குள்ள தண்ணி எது மட்டும் நிண்டது?" 2020 டிசம்பர்ப் புரவிப் புயலையும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவையும் பெயர் சொல்லிக் கேட்டால் நேரான பதில் வரும். "வெள்ளம் வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அப்பிடி ஒண்டுமில்லை" என்பார்கள். மழைக்காலத்தில் வாங்குபவர் இதற்கு எதிர்மாறாக ஏமாறுவார். தை மாதத்தில் தித்திக்கும் கிணறு ஆவணியில் உவர்க்கலாம்.

குறிப்பு: வீடு திருக்கேதீஸ்வரம் கோயிலுக்கு நடை தூரத்தில் என்றால், முடிந்தால் மாசிச் சிவராத்திரி அன்று ஒருமுறை அந்தத் தெருவைப் பாருங்கள். நாடெங்கிலுமிருந்து அடியார் வந்து பாலாவித் தீர்த்தம் எடுத்து இலிங்கத்துக்கு வார்க்கும் நாள் அது. அன்று உங்கள் வாசலில் வாகனம் நிற்குமா, வயதான தாயைத் திடீரென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இருக்குமா என்பது கண்ணால் பார்த்தால்தான் விளங்கும்.

யாரோடு, எதோடு

முதல் தடவைக்கு அனுபவமுள்ள மேசன் ஒருவரையும் வயரிங் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். எல்லைக் கல் ஒன்றாவது காணாமல் இருந்தால் நில அளவையாளரும் வேண்டும். தரகர் வரலாம். ஆனால் தரகரின் சொல்லை உங்கள் பார்வைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவர், அல்லது அவர் சார்பில் கையெழுத்திடப் போகிறவர், கட்டாயம் இருக்க வேண்டும்.

உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருந்து, இங்கே அற்றோணித் தத்துவம் பெற்றவர் கையெழுத்திடுவது இப்போது சாதாரணம். அப்படியானால் முற்றத்தில் நின்றபடியே உரிமையாளருக்குக் காணொளி அழைப்பு எடுத்து வீட்டைக் காட்டுங்கள். "இதுதான் நீங்கள் விற்கிற வீடு, இவ்வளவுதான் விலை, இவரே கையெழுத்திடுவார்" என்று மூன்றையும் அவர் வாயால் கேளுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை இந்த அழைப்பு சங்கடமில்லாமல் உறுதிசெய்கிறது.

வாங்குகிற நீங்கள் வெளிநாட்டில் இருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதை இந்த வேலைக்கு முன்பே நொத்தாரிசுடன் பேசியிருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. உங்களுக்காக நடந்து பார்ப்பவர் மாமாவோ மச்சானோ, இந்த அத்தியாயத்தை அவர் கையில் கொடுங்கள். "எல்லாம் வடிவா இருக்கு" என்ற ஒற்றை வரியோடு திருப்திப்படாமல் ஒவ்வொரு படிக்கும் படம் கேளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: நில அளவைப் படத்தின் பிரதி, உறுதி வரைவின் பிரதி, 30 மீற்றர் அளவு நாடா, ரோச் லைட், கைத்தொலைபேசியும் அதன் சார்ஜரும், சிறு சுத்தியல், தடித்த ஊசி அல்லது ஸ்குரூ டிரைவர், சுத்தமான இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு வாளி, கொப்பி, பேனை.

உள்ளே கால் வைக்குமுன்

பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் பாம்பு இருப்பதை எதிர்பார்த்தே நடக்க வேண்டும். கண்ணாடி விரியனும், மன்னார் போன்ற வறண்ட கரையோரங்களில் காணப்படும் சுருட்டை விரியனும் கல், ஓலை, பழைய ஓட்டுக் குவியலுக்குள் படுக்கும். மூடிய சப்பாத்துப் போடுங்கள். குவியலுக்குள் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரம் போக்காமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டு இல்லாத கிணற்றின் விளிம்புக்குப் பிள்ளைகளைக் கொண்டு போக வேண்டாம். மலக்குழியின் மூடியில் யாரும் ஏறி நிற்கக் கூடாது. உவர் மண்ணில் அதன் கம்பி துருப்பிடித்து, மேலே பார்க்க முழுசாக இருக்கும் மூடி உள்ளே உடையத் தயாராக இருக்கலாம்.

எல்லை

முதலில் வளவு, பிறகு வீடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீட்டுக்குள் போனால் அறைகளிலும் நிறத்திலும் மனம் போய்விடும். எல்லையில் வரும் பிழைதான் பிறகு திருத்த முடியாதது.

1. படலை வாசலில் நின்று அளவைப் படத்தை வடக்கு நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். தொலைபேசியின் திசைகாட்டி போதும்.

2. படத்தில் உள்ள ஒவ்வொரு எல்லைக் கல்லையும் தேடிக் கையால் தொடுங்கள். "அதிலதான் எங்கேயோ புதைஞ்சிருக்கு" என்றால், மண்ணைக் கிளறிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அளவையாளர் வந்து கல் நாட்டும் வரை கையெழுத்து இல்லை.

3. கல்லுக்குக் கல் நாடா பிடித்து அளந்து படத்தில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. பரப்புக் கணக்கில் பேசினால் ஒரு பரப்பு 10 பேர்ச், ஓர் ஏக்கர் 160 பேர்ச். 100 அடி நீளமான ஒரு பக்கத்தில் வேலி இரண்டடி உள்ளே வந்திருந்தால் கிட்டத்தட்ட முக்கால் பேர்ச் போய்விடும்.

4. வேலியைப் பாருங்கள். கதியாலும் பனை மட்டையும் ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் நகரக்கூடியவை. இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் பல வேலிகள் ஞாபகத்தை வைத்து மீண்டும் போடப்பட்டவை. வேலி கல்லோடு பொருந்தாத இடத்தில் அயலவரையும் கூப்பிட்டு, விற்பவர் முன்னிலையிலேயே பேசுங்கள்.

5. உறுதி வரைவில் எழுதியிருக்கும் நான்கு எல்லைப் பெயர்களையும் அயலில் இப்போது இருப்பவர்களோடு ஒப்பிடுங்கள். பழைய பெயர் இருப்பது குற்றமில்லை. ஆனால் "கிழக்கு: ஒழுங்கை" என்று எழுதிய இடத்தில் மதில் நின்றால் விளக்கம் வேண்டும்.

6. பொது வீதியிலிருந்து வாசல் வரை வரும் பாதையை நடந்து பாருங்கள். வழி வாய்க்கால் உரித்தும் பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரித்தும் உறுதியில் இருந்தால், அவை நிலத்தில் திறந்திருக்கின்றனவா? நிலத்தில் பாவனையில் இருந்து உறுதியில் இல்லாவிட்டால் வரைவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பகுதியில் எல்லையை ஒட்டி வேறு சில உரிமைகளும் நிற்கின்றன. தலைமன்னார்ப் பாதை வழியே 2015 மார்ச்சில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. திருக்கேதீஸ்வரத்திலும் நிலையம் உண்டு. தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள நிலம் புகையிரதத் திணைக்களத்தின் ஒதுக்கீடு. கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. கடற்பக்கம் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர் நீர்மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கட்டட வேலைக்கு அனுமதி கேட்கிறது. இவற்றில் எதற்காவது பக்கத்தில் உங்கள் வேலி ஓடினால், பின்னுக்கு ஒரு குசினி இறக்கலாம் என்ற கனவை வாங்குமுன்பே பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளியுங்கள்.

கோயிலைச் சுற்றிய மடங்களுக்கும் தருமங்களுக்கும் சொந்தமான காணிகள் உண்டு. பழைய உறுதிகளில் எங்காவது "தருமசாதனம்" என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு நொத்தாரிசிடம் போங்கள். பெர்மிட் காணியும் அப்படியே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வீடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது.

மண்ணுக்குள்

திருக்கேதீஸ்வரத்தில் காணி வாங்குபவர் மண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். இது மாதோட்டம் என்ற பழைய துறைமுகம் இருந்த இடம். 1980களில் தொல்லியலாளர்கள் இங்கே அகழ்ந்து நூற்றாண்டுக் கணக்கான குடியிருப்புப் படைகளைக் கண்டார்கள். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. மன்னார் நீதவான் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்த மனிதர்கள் யார் என்று கேட்டு நிற்கும் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அந்த நினைவோடுதான் இந்த மண்ணில் மண்வெட்டி இறங்க வேண்டும்.

ஆகவே வளவில் புதிதாக மூடிய குழி, நிறம் மாறிய மண், காரணமில்லாத மேடு இருந்தால் என்னவென்று கேளுங்கள். பழைய செங்கல், ஓட்டுத் துண்டு, மணி, நாணயம் கிடந்தால் எடுத்துப் பையில் போடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி அவற்றைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் வாங்கிய பிறகு கிணறோ மலக்குழியோ வெட்டத் திட்டமிருந்தால், அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே அந்தத் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். எலும்பு கண்டால் தொடாமல், மூடாமல், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கண்ணிவெடி அகற்றிய பகுதிகளிலும் பற்றைக்குள் தனித்த வெடிபொருள் கிடக்கலாம். பல வருடம் யாரும் வெட்டித் துப்புரவாக்காத பின்வளவுக்குள் நீங்கள் முதல் ஆளாக நுழைய வேண்டாம். அந்தக் காணி துப்புரவு செய்து விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் காலால் தட்டாதீர்கள்.

தண்ணீர்

இந்தக் கரையில் வீட்டின் பாதி விலை கிணற்றில்தான் இருக்கிறது. குழாய் நீர் இணைப்பு இருந்தால் நல்லது. ஆனால் "லைன் இருக்கு" என்ற சொல்லை நம்பாமல் குழாயைத் திறந்து, தண்ணீர் வரும் நேரங்களை அயலில் கேட்டு, கடைசிப் பட்டியலையும் பாருங்கள்.

1. மோட்டர் போடுமுன் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி முதல் போத்தலை நிரப்புங்கள். கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று படம் எடுங்கள்.

2. மோட்டரை ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

3. நிறுத்துமுன் இரண்டாவது போத்தலை நிரப்புங்கள். கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மேலுள்ளதை இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். இரண்டு போத்தலையும் அடுத்தடுத்து வாயில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் நாக்குக்கே தெரிந்தால் ஒரு நாள் பாவனைக்கே அந்தக் கிணறு போதாது.

4. போத்தல்களை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கோ வேறு அங்கீகரித்த இடத்துக்கோ கொடுங்கள். குளோரைட் லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் உப்புச் சுவை தெரியத் தொடங்கும். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் போத்தலே வேண்டும். முடிவு வரச் சில நாள் ஆகும். முதல் தடவையை ஒரு கிழமை முன்பு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. மலக்குழியிலிருந்து கிணறு வரை நாடா பிடியுங்கள். 50 அடிக்குக் குறைந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் குழியை அளக்கப் பலர் மறக்கிறார்கள், அதையும் அளந்து பாருங்கள்.

மோட்டர், தண்ணீர்த் தாங்கி, குழாய் எல்லாம் விற்பனையில் அடங்குமா என்று நேரே கேளுங்கள். "மோட்டர் காணியோட சேர்த்திதானே, அண்ணை?" "ஓம், விட்டிட்டுத்தான் போறம்." இந்தப் பதிலை மோட்டரின் பெயர்ப் பலகைப் படத்தோடு கொப்பியில் எழுதி அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். நல்ல மோட்டர் போய்ப் பழையது அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது கேள்விப்படாத கதையல்ல.

சுவரும் கூரையும்

மேசனுக்கு முன்னே நீங்கள் பேசாதீர்கள். அவர் பார்க்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

சுவரின் அடி மூன்று அடிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அங்கேதான் உவர் பூத்திருக்கிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள், சுத்தியலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டுங்கள். வெறுஞ்சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. பூச்சு திருத்தலாம், செலவு மட்டுமே. கொங்கிறீற் வேறு விடயம். வளையின் அடியிலும், தட்டின் அடியிலும், தூண்களின் மூலையிலும் கம்பி ஓடும் கோட்டிலேயே வெடிப்பு நீண்டு மண்ணிறக் கறை வடிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. உப்பு மணலாலும் உவர் நீராலும் குழைத்த கொங்கிறீற்றுக்கும் கடற்காற்றுக்கு நேராக நிற்கும் கொங்கிறீற்றுக்கும் வரும் நோய் இது. மேலே சீமெந்து பூசி மறைத்தால் இரண்டு மாரிக்குப் பிறகு திரும்ப வரும். இதைக் கண்டால் விலையைத் திரும்பப் பேசுங்கள், அல்லது விலகுங்கள். நான் விலகவே சொல்வேன்.

முருங்கன், நானாட்டான் பக்கம் கறுப்புக் களி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அந்த மண்ணில் ஆழமற்ற அத்திவாரம் போட்ட வீட்டில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடும். மயிரிழை வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். ரூபாய்க் குற்றியின் விளிம்பு உள்ளே நுழைகிறதென்றால், அல்லது கதவு நிலையோடு உரசுகிறதென்றால், மேசன் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கட்டும்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடானால் அடிப்படை அளவு 550 சதுர அடி. அதற்குப் பிறகு சேர்த்த விறாந்தையும் குசினியும் பழைய சுவரோடு சேரும் இடத்தில்தான் ஒழுகும். சேர்த்த பகுதிக்குப் பிரதேச சபை அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

கூரைக்கு உள்ளிருந்து பாருங்கள். விளக்கை அணைத்து, யன்னலைச் சாத்தி, மேலே எங்கே வெளிச்சப் பொட்டுத் தெரிகிறது என்று எண்ணுங்கள். கைமரத்தின் நுனி சுவரில் உட்காரும் இடத்தில் ஊசியால் குத்துங்கள். இலகுவாக இறங்கினால் கறையான் அல்லது உளுப்பு. சீற் கூரையென்றால் ஆணியும் கொழுக்கியும் துருப்பிடித்திருக்கின்றனவா என்று கவனியுங்கள், சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கரையில் முதலில் எழும்புவது அதுதான். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைச் சுரண்டவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மின்சாரம்

வயரிங் தெரிந்தவர் இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது. நீங்களே செய்யக்கூடியவை இவை:

1. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வீட்டைக் காக்காது.

2. ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கறுத்த பிளக், சூடான சுவிட்ச் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

3. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீற்றரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிவு, அல்லது யாருக்கோ இங்கிருந்து இணைப்பு.

4. மீற்றரின் இலக்கத்தையும் அலகையும் படம் எடுத்துக் கடைசிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நிலுவை இருந்தால் கையெழுத்துக்கு முன் கட்டி, பற்றுச்சீட்டைத் தரச் சொல்லுங்கள்.

வீடு வெறுமையா?

இரண்டாவது தடவையின் முக்கிய வேலை இதுதான். ஒவ்வொரு அறையையும், வெளிமலசலகூடத்தையும், கொட்டிலையும் திறந்து பாருங்கள். பூட்டிய அறை ஒன்று இருந்து "அதுக்குள்ள அக்காவின்ர சாமான் கொஞ்சம் கிடக்கு, பிறகு எடுப்பா" என்றால், எடுத்த பிறகே கையெழுத்து என்று பணிவாகச் சொல்லுங்கள். அந்த அக்காவுக்குக் காணியில் பங்கு இருக்கலாம். தேசவழமை பொருந்தும் காணியில் பங்காளிக்கும் வாரிசுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. மணமான பெண் விற்பதானால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இவை நொத்தாரிசின் வேலை. ஆனால் பூட்டிய அறையை நொத்தாரிசு பார்க்கப்போவதில்லை, நீங்கள்தான் பார்க்கிறீர்கள்.

வளவில் குடிசை போட்டு இருப்பவர், தோட்டம் செய்பவர், மாடு கட்டுபவர் யாராவது உண்டா? நீண்ட கால ஆட்சி சட்டத்தில் உரிமையாகலாம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் அதற்குப் பத்து வருடம் என்கிறது. போரால் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டமும் வந்தது. இருப்பவரோடு நீங்களே பேசுங்கள். எவ்வளவு காலமாக, யார் சொல்லி, வாடகை உண்டா என்று கேளுங்கள்.

பனைகளை எண்ணுங்கள். கள்ளுச் சீவவும் நுங்கு வெட்டவும் யாருக்காவது குத்தகை கொடுத்திருக்கிறதா? அது எப்போது முடிகிறது? பெண் பனையை அனுமதியில்லாமல் தறிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு கட்ட இடம் வேண்டும் என்று பின்னர் வெட்டப் போனால் சிக்கல். படலை ஒழுங்காகச் சாத்துகிறதா என்றும் பாருங்கள். மன்னாரில் தெருவில் திரியும் கழுதைகளுக்குத் தளர்ந்த படலை ஒரு தடையே அல்ல.

குறை கண்டால்

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். எல்லை, குடியிருப்பவர், பங்காளி தொடர்பானவை முதல் வகை. இவை தீராமல் கையெழுத்து வைக்கவே கூடாது, திகதியைத் தள்ளுங்கள். கிணறு, கூரை, கொங்கிறீற் இரண்டாம் வகை. மேசன் சொல்லும் செலவை எழுத்தில் வாங்கி விலையில் கழிக்கக் கேளுங்கள். மிச்சம் சில்லறைக் குறை. அதற்காக விற்பனையைக் குழப்ப வேண்டாம்.

"முதலில் கையெழுத்து வையுங்கோ, பிறகு திருத்தித் தாறன்" என்பதை ஏற்காதீர்கள். நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் பணம் வாங்கிய பிறகு அவருக்கும் வேறு வேலைகள் வந்துவிடும். விற்கும் உடன்படிக்கையும்கூட நொத்தாரிசு அத்தாட்சி இல்லாமல் செல்லாது. 1840ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அப்படித்தான். வெறும் கடதாசியில் எழுதிக் கொடுத்த முற்பணச் சீட்டு, காணியைத் தரும்படி அவரைக் கட்டாயப்படுத்தாது.

விலையை உறுதியில் குறைத்து எழுதும்படி யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதில் மிச்சம் பிடிக்கப் போய், நாளை வழக்கு வந்தால் நீங்கள் கொடுத்த உண்மையான விலையை நிரூபிக்க வழியில்லாமல் நிற்பீர்கள்.

அன்றே முடிக்க வேண்டியவை

1. கையெழுத்து நாள் காலை நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் மீண்டும் ஒரு தேடல். முதல் தேடலுக்குப் பிறகு ஈடோ வேறு உறுதியோ பதியப்பட்டிருக்கலாம்.

2. அங்கிருந்து நேரே வீட்டுக்கு, இரண்டாவது சுற்று. படங்களை ஒரு கிழமை முன் எடுத்தவற்றோடு ஒப்பிடுங்கள்.

3. நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது அளவைப் படத்தின் இலக்கம், திகதி, பரப்பளவு மூன்றையும் கையில் உள்ள பிரதியோடு விரல் வைத்துப் பாருங்கள்.

4. காசோலையைக் கொடுக்கும் அதே நேரத்தில் எல்லாத் திறப்புகளும், பழைய உறுதிகளும், வரிப் பற்றுச்சீட்டுகளும் உங்கள் கைக்கு வர வேண்டும். திறப்பு "வீட்டில கிடக்கு" என்றால் ஆள் அனுப்பி எடுப்பித்த பிறகே காசோலை.

5. அன்று மாலையே முன்கதவினதும் பின்கதவினதும் பூட்டை மாற்றுங்கள். பழைய திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்பது விற்பவருக்கே நினைவிருக்காது.

6. உறுதியைப் பதிவுசெய்ய அடுத்த கிழமை என்று விடாதீர்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி முளைத்தால், நேர்மையாக முதலில் பதிந்தவர் பக்கமே சட்டம் சாயும். நொத்தாரிசு அனுப்பிவிட்டார் என்று கேட்டால் போதாது. நாளேட்டு இலக்கத்தை வாங்கி, சில கிழமை கழித்து மன்னார்ப் பதிவகத்தில் உங்கள் பெயர் ஏறிய பிரதியை எடுத்து வையுங்கள். அந்தப் பிரதியோடுதான் மின்சாரக் கணக்கையும் பிரதேச சபை வரிப் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றப் போக வேண்டும்.